சிறிய அரங்கில் பிடித்த இசைக்குழு: சென்னையில் தனியிசைக் கச்சேரிக்குப் போவோருக்கு ஒரு வழிகாட்டி

விளையாட்டு மைதானத்தில் பல்லாயிரம் பேர் கூடும் திரையிசைக் கச்சேரிக்குப் போவதற்கு டிக்கெட்டும் பொறுமையும் இருந்தால் போதும். மற்றவற்றை ஏற்பாட்டாளர்கள் பார்த்துக்கொள்வார்கள், அல்லது பார்த்துக்கொள்ளாமல் விடுவார்கள். எப்படியானாலும் நம் கையில் அதிகம் இல்லை. நூறு, நூற்றைம்பது பேர் மட்டுமே கூடும் சிறிய அரங்கில் நிலைமை வேறு. அங்கே நாம் எத்தனை மணிக்குப் போகிறோம், எங்கே நிற்கிறோம், பாட்டின் நடுவே பேசுகிறோமா கேட்கிறோமா என்பவை அந்த மாலையின் ஒலியையே மாற்றிவிடும். முன்கூட்டி டிக்கெட் எடுத்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்த பிறகே கச்சேரியை நடத்தலாமா வேண்டாமா என்று சில ஏற்பாட்டாளர்கள் முடிவு செய்கிறார்கள். ஆகவே, பிடித்த குழுவைச் சிறிய இடத்தில் பார்க்கப் போகிறவர் தாமும் அந்தக் கச்சேரியை நடத்துகிறவர்களில் ஒருவர் என்ற எண்ணத்தோடு கிளம்புவது நல்லது. இங்கே சொல்லப்படுபவை சென்னையில் சொந்தப் பாடல்களைப் பாடும் தனியிசைக் குழுக்களின் கச்சேரிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மார்கழி சபாக்களின் நடைமுறை வேறு, கோயில் திருவிழா மெல்லிசைக் குழுக்களின் நடைமுறை வேறு.

எங்கே, எப்போது என்று அறிவது

முதல் சிக்கல், கச்சேரி நடக்கப்போவது தெரியாமலே போய்விடுவது. நாளிதழ்களின் "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதியில் சொற்பொழிவும் சபா கச்சேரியும் வரும். தனியிசைக் குழுக்களின் பெயர் அதில் அபூர்வம். பெரும்பாலும் இன்ஸ்டாகிராமில் ஒரு சுவரொட்டி, அதன் பிறகு ஒரு நாளில் மறைந்துவிடும் இரண்டொரு ஸ்டோரி என்ற அளவிலேயே அறிவிப்பு முடிந்துவிடுகிறது. குழுவின் பக்கத்தை மட்டும் பின்தொடர்ந்தால் போதாது. உறுப்பினர் ஒவ்வொருவரையும், அவர்கள் வாசிக்கும் இடங்களையும் பின்தொடர வேண்டும். சென்னையில் ஒரே கலைஞர் இரண்டு மூன்று குழுக்களில் இருப்பது வழக்கம். குரங்கன் என்ற தனியிசைக் குழுவில் இருந்த இசைக்கலைஞர் டென்மாதான் பின்னர் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையத்தோடு சேர்ந்து "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழுவை உருவாக்கினார். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் நடந்த அதன் முதல் கச்சேரிக்குப் பெருங்கூட்டம் வந்தது. அவருடைய முந்தைய குழுவைச் சிறிய அரங்குகளில் கேட்டுவந்தவர்களுக்கு இந்தப் புதிய முயற்சியும் இயல்பாகவே முன்னதாகக் காதில் விழுந்திருக்கும்.

இடங்களைப் பொறுத்தவரை, நுங்கம்பாக்கத்தில் இருக்கும் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ், ஜெர்மன் பண்பாட்டு மையமான கோதே நிறுவனம் ஆகிய இரண்டின் நிகழ்ச்சிப் பட்டியலையும் மாதம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் பயன் தரும். பிரான்சில் 1982-இல் தொடங்கி இன்று உலகெங்கும் கொண்டாடப்படும் இசைத் திருநாள் ஜூன் 21-இல் வருகிறது. அதையொட்டி இங்கும் இலவசக் கச்சேரிகள் நடப்பதுண்டு. எழும்பூர் மியூசியம் தியேட்டர், காபிக் கடைகளின் மாடி, நட்சத்திர ஓட்டல்களின் பார், கல்லூரி விழாக்கள் என்று மற்ற இடங்கள் சிதறிக் கிடக்கின்றன. பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குடியிருப்பில் 2015-இல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, கட்டணமும் கதவும் இல்லாமல் இசை கேட்க வழி செய்தது. அந்த வகைத் திறந்தவெளி நிகழ்ச்சிகளில் கடற்காற்று மைக்கில் மோதி எழும் சத்தத்தையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கும். பஞ்சு உறை போட்ட மைக்கை மேடையில் பார்த்தால் ஒலி அமைத்தவர் அனுபவசாலி என்று நம்பலாம்.

டிக்கெட்

வாசலில் எடுத்துக்கொள்ளலாம் என்று கடைசி நாள்வரை காத்திருப்பது நம்மில் பலரின் வழக்கம். சிறிய கச்சேரிக்கு இந்த வழக்கம் நேரடியாகக் கேடு செய்கிறது. ஏற்பாட்டாளர் ஒலி அமைப்பை வாடகைக்கு எடுக்கும்போது கையில் இருக்கும் முன்பதிவுத் தொகையைப் பார்த்துத்தான் எத்தனை ஸ்பீக்கர், வாசிப்பவர்கள் தம் ஒலியைக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் எத்தனை என்று தீர்மானிக்கிறார். நூறு பேர் வாசலில் டிக்கெட் வாங்குவதைவிட ஐம்பது பேர் ஒரு வாரம் முன்பே வாங்குவது அவருக்கு அதிக உதவி. டிக்கெட்டின் விலையும் முதலில் வாங்குவோருக்குக் குறைவாகவே இருக்கும்.

புக்மைஷோ, டிஸ்ட்ரிக்ட் போன்ற தளங்களில் விற்கும்போது வசதிக் கட்டணம் தனியாகச் சேரும் என்பதால், குழுவே நேரடியாக விற்கும் வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாங்கும்போது மூன்று விவரங்களை நிதானமாகப் படிக்க வேண்டும். வயது வரம்பு உண்டா என்பது முதலாவது. தமிழ்நாட்டில் மது அருந்தச் சட்டப்படி 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால், பாரில் நடக்கும் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் அதே வரம்பு இருக்கும், அடையாள அட்டையும் கேட்பார்கள். பதினெட்டு வயதுத் தம்பியையோ தங்கையையோ கூட்டிக்கொண்டு போய் வாசலில் விவாதம் செய்வதில் பயனில்லை. அடுத்து, கட்டணத்துக்கு ஈடாக உணவோ பானமோ கழித்துக்கொள்ளலாமா, அல்லது அது வெறும் நுழைவுக்கு மட்டுமா என்பது. மூன்றாவது, உட்கார்ந்து கேட்பதா நின்று கேட்பதா என்பது. முழங்கால் வலி உள்ளவருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த மூன்றாவது விவரமே முதன்மையானது. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் முன்னதாகத் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது அவசியம். மாடியில் இருக்கும் சிறிய இடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, அதை விளம்பரத்தில் யாரும் எழுதுவதும் கிடையாது.

டிக்கெட்டின் க்யூஆர் குறியீட்டை வீட்டிலேயே திறந்து படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடித்தளத்தில் இருக்கும் அரங்குகளில் சிக்னல் கிடைக்காது. சில செயலிகளில் குறியீடு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், அப்படிப்பட்டதா என்பதையும் கிளம்பும் முன் பார்த்துவிட வேண்டும்.

நேரக் கணக்கு

திறந்தவெளியில் நடக்கும் கச்சேரி இரவு பத்து மணிக்கு முடிந்தாக வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. மூடிய அரங்குகளுக்கு விலக்கு இருக்கிறது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். இதைத் தெரிந்துகொள்வதில் ரசிகருக்கும் ஒரு பயன் உண்டு. ஏழு மணி என்று போட்ட திறந்தவெளிக் கச்சேரி எட்டேகாலுக்குத் தொடங்கினால் அந்தத் தாமதத்தைக் கடைசியில் ஈடு கட்ட முடியாது. நாம் காத்திருந்த குழு இறுதியாக மேடையேறுவதாக இருந்தால் வெட்டுப்படுவது அவர்களுடைய பாடல்கள்தான். அப்படிப்பட்ட மாலையில் மேடைக்கு அருகில் நின்று கூச்சல் போட்டுக் குழுவை நெருக்குவது நியாயமாகாது, ஏனென்றால் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்வது அவர்கள் இல்லை.

அழைப்பிதழில் "கதவு திறக்கும் நேரம்" என்று ஒன்றும் "நிகழ்ச்சி தொடங்கும் நேரம்" என்று இன்னொன்றும் இருந்தால் இரண்டுக்கும் நடுவில் போய்ச் சேருவது சரி. பிடித்த குழு இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வரும் என்று தெரிந்தாலும் தாமதமாகப் போகாதீர்கள். முதலில் வாசிக்கும் குழுவுக்குப் பாதி காலியான அரங்கு கிடைப்பது ஒரு மரியாதைக் குறைவு என்பது ஒருபுறம் இருக்க, அதில் ஒலி சார்ந்த நஷ்டமும் உண்டு. மனித உடலும் துணியும் கூர்மையான ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும். காலியான அரங்கிலோ சுவரும் தரையும் அவற்றைத் திருப்பி அடிக்கும். மாலை நான்கு மணிக்கு ஆளில்லாத கூடத்தில் சவுண்ட் செக் என்ற ஒலிச் சோதனை செய்து வைத்த அளவுகள் கூட்டம் வந்த பிறகு பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம். முதல் குழு வாசிக்கும் நேரத்தில்தான், ஒலிகளைக் கலந்து அளவு வைக்கும் கருவியான மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் அரங்கைப் புரிந்துகொள்கிறார். அப்போதே கூட்டம் இருந்தால் அடுத்த குழுவுக்கு ஒலி தெளிவாக அமைந்துவிடும்.

போகும் முன்

குழுவின் பாடல்களை முதல் நாள் ஒருமுறை முழுதாகக் கேட்டுக்கொண்டு போவது நல்ல ஆயத்தம். மேடையில் வரிகள் தெளிவாகக் காதில் விழாது. முன்னமே தெரிந்திருந்தால் மனம் இட்டு நிரப்பிக்கொள்ளும். ஆனால், பதிவில் கேட்ட அதே வேகத்தையும் அதே சுருதியையும் எதிர்பார்த்துப் போக வேண்டாம். பாடகரின் தொண்டைக்கு ஏற்றவாறு சுருதியை அரைக் கட்டை இறக்கிப் பாடுவது சாதாரணமாக நடப்பது.

உடை விஷயத்தில் ஒன்றே ஒன்று: பருத்தி. குளிரூட்டி இருக்கிறது என்று போட்டிருந்தாலும், நூறு பேர் நின்ற பிறகு அது சென்னைப் புழுக்கத்துக்கு ஈடுகொடுக்காது. காலை மூடிய செருப்போ ஷூவோ போடுங்கள். இருட்டில் யாராவது மிதிப்பார்கள். பெரிய பை வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஏனெனில் அங்கே கிடைப்பது பெரும்பாலும் விலை அதிகமான உருளை வறுவல்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையில் மாலை இடிமழை சகஜம், அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. திறந்தவெளிக் கச்சேரி என்றால் மழைக்காக ரத்தானால் பணம் திரும்புமா என்பதைப் பார்த்துக்கொண்டு, குடைக்குப் பதில் மழைக்கோட்டு எடுத்துப் போங்கள். குடை விரித்தால் பின்னால் நிற்பவருக்கு மேடை தெரியாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது காதடைப்பான். இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். கேட்கப் போகிற இடத்தில் காதை அடைத்துக்கொள்வதா என்பது அவர்கள் கேள்வி. சிறிய அரங்கில் ட்ரம்ஸ் மட்டுமே அருகில் 100 டெசிபலைத் தாண்டும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவுப்படி 85 டெசிபலை நாளுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது, 100 டெசிபலில் கால் மணி நேரமே மிஞ்சுகிறது. உலக சுகாதார நிறுவனமும் 2022-இல் இசை அரங்குகளுக்காக வெளியிட்ட நெறிமுறையில், கால் மணி நேரச் சராசரி 100 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. நாம் நிற்கப்போவது கால் மணி நேரம் இல்லை, இரண்டு மணி நேரம்.

மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறப் பஞ்சு அடைப்பான் சில ரூபாய்களுக்குக் கிடைத்துவிடும். அதை அப்படியே காதில் திணித்தால் பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பயனும் பாதிதான். இரண்டு விரல்களுக்கு நடுவே உருட்டி மெல்லிய குச்சியாக்கிக்கொண்டு, எதிர்ப்பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேல்நோக்கிப் பின்பக்கமாக இழுத்து, துளை நேரானதும் உள்ளே விட்டு, அது விரிந்து அடைக்கும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாகப் பொருந்தியதும் உங்கள் குரலே உள்ளுக்குள் கனத்துக் கேட்கும். பஞ்சு அடைப்பான் கூர்மையான ஒலிகளை அதிகமாகக் குறைப்பதால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கிப்போகும். இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டி வைத்துச் செய்யப்பட்ட அடைப்பான்கள் எல்லா ஒலிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். விலை கூடுதல் என்றாலும் அடிக்கடி கச்சேரிக்குப் போகிறவர் ஒருமுறை வாங்கிவிடலாம். குழந்தைகளை அழைத்துப்போனால் அவர்களுக்குக் காதை மூடும் ஹெட்போன் வகைக் கவசம் கட்டாயம்.

எங்கே நிற்பது

பிடித்த குழு என்றால் மேடையை ஒட்டி நிற்கவே மனம் போகும். பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. கேட்பதற்கு அதைவிட மோசமான இடங்கள் குறைவு. பாடகரின் குரல் நமக்கு வருவது மேடையின் இருபுறமும் நிற்கும் ஸ்பீக்கர்கள் வழியாக. அவை கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக அரங்கின் நடுப்பகுதியை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். மேடையை ஒட்டி நின்றால் அவை நம்மைத் தாண்டிப் போய்விட, ட்ரம்ஸும் கிடாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியும் நேராக முகத்தில் அடிக்கும். குரல் எங்கோ அமுங்கிக் கேட்கும். வரிகளே உயிராக இருக்கும் தமிழ்ப் பாடல்களுக்கு இது பெரிய இழப்பு. சுவர்களை ஒட்டியும் மூலைகளிலும் நின்றால் பேஸ் ஒலி தேங்கி உறுமும். பின்சுவரை ஒட்டி பார் இருந்தால் கோப்பைச் சத்தமும் பேச்சும் சேர்ந்துகொள்ளும்.

ஒலி நன்றாகக் கேட்கும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, மிக்ஸர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. அதற்குப் பின்னால் நிற்கும் சவுண்டு அண்ணன் தம் காதில் விழுவதை வைத்துத்தான் எல்லா அளவையும் வைக்கிறார். அவருக்கு இரண்டடி முன்னால் நின்றால் அவர் கேட்பதையே நாமும் கேட்கிறோம். அவருடைய பார்வையை மறைக்காமலும், மிக்ஸரின் மேல் தண்ணீர்ப் பாட்டிலையோ வேறு எதையுமோ வைக்காமலும் நிற்பது நாம் காட்ட வேண்டிய மரியாதை. சில இடங்களில் மிக்ஸரை இடப்பற்றாக்குறையால் ஓரமாகத் தள்ளி வைத்திருப்பார்கள். அப்போது இந்த உபாயம் செல்லாது, மேடைக்கும் பின்சுவருக்கும் நடுவில், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சம தூரத்தில் நின்றுகொள்ளுங்கள்.

மியூசியம் தியேட்டர் போன்ற பழைய கட்டடங்களில் கதையே வேறு. 1896-இல், ஒலிபெருக்கி என்ற ஒன்றே இல்லாத காலத்தில், நடிகரின் வெறுங்குரல் கடைசி வரிசைக்கு எட்டும்படி கட்டப்பட்ட அரங்கு அது. வெறுங்குரலுக்கு அருமையாக அமைந்த கூடத்தில் மின்கிடாரும் ட்ரம்ஸும் சேர்ந்து முழங்கினால் ஒலி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்புவதுண்டு. அங்கே தனிக் கிடாரோடு பாடுகிறவரையோ, சிறிய தாளக் கருவிகளோடு வரும் குழுவையோ கேட்பதே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது.

பார்ப்பதற்கென்றே மேடையருகில் போக ஆசைப்பட்டால் ஒன்றிரண்டு பாடல்களுக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பலாம். அங்கே மட்டுமே கிடைக்கும் சில காட்சிகள் உண்டு. மைக் தாங்கியின் காலடியில் செலோடேப் ஒட்டிய தாளில் பாடல் வரிசை பேனாவால் எழுதப்பட்டிருக்கும். நடுவில் ஒரு பெயர் அடிக்கப்பட்டு அம்புக்குறி போட்டு வேறொன்று செருகப்பட்டிருக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கிடார் வாசிப்பவர் குனிந்து காலடியில் இருக்கும் பெடலை மிதித்து ஒலியை அடைத்துவிட்டு, சிறிய திரையில் பச்சை விளக்கு எரியும்வரை தந்தியை முறுக்குவார். அந்த இடைவெளியை நிரப்பப் பாடகர் ஏதோ பேசிக்கொண்டிருப்பார். ட்ரம்ஸுக்கு அடியில் பழைய ஜமக்காளம் ஒன்று விரித்திருக்கும், உதைக்கும் வேகத்தில் பெரிய ட்ரம் முன்னால் நகர்ந்து போகாமல் இருப்பதற்காக. பறை இருக்கும் குழுவென்றால் அரங்குக்கு வெளியேயும் ஒரு பார்வை பாருங்கள். தோல்பறையை வாசிப்பதற்குச் சற்று முன் தீ மூட்டிக் காய்ச்சுவார்கள். சூடு ஏற ஏறத் தோல் இறுகி ஒலி கணீரென்று உயரும். குளிரூட்டிய அரங்கில் அந்த இறுக்கம் மெல்லத் தளரும் என்பதால், வரிசையில் எந்தப் பாட்டுக்குப் பறை என்பதையே அதற்கேற்ப அமைக்க வேண்டியிருக்கலாம். செயற்கைத் தோல் போட்ட பறைக்கு இந்தத் தொல்லை இல்லை, அந்த நாதமும் இல்லை.

குழு மாறும்போது இருபது நிமிடம்வரை இடைவெளி விழும். ட்ரம்ஸின் பெரிய பாகங்கள் எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக இருக்க, ஒவ்வொருவரும் தம் ஸ்னேர் என்ற சிறிய ட்ரம்மையும் சிம்பல் என்ற உலோகத் தட்டுகளையும் உதைக்கும் பெடலையும் கொண்டுவந்து பூட்டுவார்கள். தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் அதுவே நேரம். பாட்டின் நடுவே நாலு பேரை இடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

கேட்கும் முறை

கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரியில் துண்டுச் சீட்டில் பாட்டின் பெயரை எழுதி மேடைக்கு அனுப்புவது நமக்குப் பழக்கமான இனிய மரபு. சபாவில்கூட ராகம் கேட்டுச் சீட்டு போவதுண்டு. சொந்தப் பாடல் பாடும் குழுவிடம் சினிமாப் பாட்டு கேட்டுக் குரல் கொடுப்பது மட்டும் வேண்டாம். எட்டு ஆண்டு உழைத்து எழுதிய பத்துப் பாடல்களோடு மேடையேறியவரிடம் அது சுருக்கென்று தைக்கும். அவர்களுடைய பாடலையே கேட்பதென்றால் தாராளமாகக் கேட்கலாம், ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிட வேண்டும். வாத்தியம் சுருதி சேர்க்கப்பட்ட முறை மாறியிருந்தால் அந்தப் பாட்டு அன்று முடியாது. "ஒன்ஸ் மோர்" சொல்வதற்கு ஒரு தடையும் இல்லை.

பேச்சுதான் சிறிய அரங்கின் முதல் எதிரி. மைதானக் கச்சேரியின் முழக்கத்தில் மறைந்துபோகும் அரட்டை இங்கே மேடைவரை கேட்கும். மெதுவான பாட்டொன்றில் முன்வரிசை நண்பர்களின் வீட்டு வாடகைப் பிரச்சினை முழு அரங்குக்கும் தெரிந்துவிடும். அவசரமாகப் பேச வேண்டுமானால் வெளியே போய்ப் பேசலாம். கைப்பேசியில் ஒரு பாட்டின் பாதியைப் பதிவு செய்வதைப் பெரும்பாலான குழுக்கள் தடுப்பதில்லை, உண்மையில் அது அவர்களுக்கு இலவச விளம்பரம். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், கையை நெஞ்சுக்கு மேல் தூக்காதீர்கள். முழுக் கச்சேரியையும் பதிவு செய்து வெளியிடுவதென்றால் முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டும், குறிப்பாக இன்னும் வெளிவராத பாடல்களை அவர்கள் முன்னோட்டமாகப் பாடிப் பார்க்கும்போது.

மெட்டல் கச்சேரிகளில் மேடைக்கு முன்னால் ஒருவரையொருவர் மோதிக்கொண்டு ஆடும் வட்டம் உருவாகும். விருப்பமில்லாதவர்கள் இரண்டடி பின்வாங்கி நின்றால் போதும். யாராவது விழுந்தால் சுற்றியுள்ளவர்கள் உடனே தூக்கிவிடுவது அங்கே எழுதப்படாத சட்டம். கூட்ட நெரிசலைச் சாக்காக வைத்து யாரேனும் கை வைத்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஏற்பாட்டாளரிடமோ வாசல் காவலரிடமோ உடனே சொல்லுங்கள். நூறு பேர் கூடத்தில் ஆளை அடையாளம் காட்டுவது எளிது. பல குழுக்கள் மேடையிலிருந்தே வாசிப்பை நிறுத்திவிட்டுக் கேட்கவும் செய்யும்.

கச்சேரி முடிந்த பிறகு

சிறிய அரங்கில் மேடைக்கும் நமக்கும் நடுவே திரை கிடையாது. வாசித்தவர்களே வயரைச் சுருட்டிக்கொண்டும் பெட்டியை மூடிக்கொண்டும் இருப்பார்கள். அந்தப் பத்து நிமிடமும் அவர்களுக்கு வேலை நேரம், அடுத்த குழுவுக்காக மேடையைக் காலி செய்ய வேண்டும் என்ற அவசரமும் இருக்கும். கருவிகள் வெளியேறும்வரை காத்திருந்து பேசுங்கள். "சூப்பரா இருந்துச்சுங்க" என்பதோடு நில்லாமல் எந்தப் பாட்டின் எந்த இடம் பிடித்தது என்று சொன்னால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கலாம். தரையில் ஒட்டிய பாடல் வரிசைத் தாளை நினைவாக எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டால் கேட்டுவிட்டு எடுங்கள்; மறுநாள் இன்னொரு ஊரில் அதே தாளைப் பார்த்து வாசிக்க வேண்டியிருக்கலாம்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்வது தேவைப்படுகிறது. இணையத்தில் ஒருமுறை பாட்டைக் கேட்டால் குழுவுக்குப் போவது பைசாக் கணக்கில்தான். சிறிய அரங்கின் டிக்கெட் வசூலிலும் இடவாடகை, ஒலி வாடகை போக மிஞ்சியதை ஐந்து பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். வாசலருகே மேசை போட்டு டி-சட்டை, ஸ்டிக்கர், சில நேரம் இசைத்தட்டு விற்கிறார்கள் என்றால் அங்கே செலவிடும் பணமே அவர்கள் கைக்கு அதிகம் சேரும் பணம். அளவு பொருந்தாத சட்டையை வாங்க மனமில்லையென்றால், கலைஞர்கள் தம் பாடல்களை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் குழு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தளம் டிஜிட்டல் பதிவுகளின் விலையில் 15 விழுக்காடு எடுத்துக்கொண்டு, பணம் கட்டும் செலவும் போக மீதியைக் கலைஞருக்குக் கொடுக்கிறது. 2020 மார்ச்சில் தொடங்கி, அறிவிக்கப்பட்ட சில வெள்ளிக்கிழமைகளில் தன் பங்கையும் விட்டுக்கொடுக்கிறது. அந்த நாளைக் குறித்து வைத்து வாங்குவது சிக்கனமான உதவி.

நண்பர் குழுவில் இருக்கிறார் என்பதற்காக இலவச நுழைவு கேட்பது நம்மிடையே பாசத்தின் அடையாளமாகிவிட்டது. நண்பராக இருப்பவர்தான் முதலில் டிக்கெட் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. இலவசப் பட்டியலில் பத்துப் பேர் சேர்ந்தால் நூறு பேர் கூடத்தில் வசூலில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது.

வீடு திரும்புவதைக் கிளம்பும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மெட்ரோ இரவு சுமார் 11 மணிவரை ஓடுகிறது. எழும்பூரில் கச்சேரி என்றால் நிலையத்துக்கு நடக்கும் நேரத்தையும் சேர்த்துக் கடைசிப் பாட்டின்போதே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நுங்கம்பாக்கத்தில் இருப்பவர்களுக்குப் புறநகர் ரயில் உண்டு. அதற்கும் பிந்தினால் ஆட்டோதான். கச்சேரி முடிந்த அதே நிமிடத்தில் எல்லோரும் செயலியைத் திறப்பதால் கட்டணம் ஏறும். கால் மணி நேரம் மேசையருகே சட்டை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் பிறகு பதிவு செய்தால் குறையக்கூடும். ஒரே திசையில் போகிறவர்கள் இருந்தால் சேர்ந்து போகலாம். தனியாகப் போகிறவர்கள் பயணத் தடத்தை வீட்டில் ஒருவருக்குப் பகிர்ந்துவிட்டு ஏறுங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181.

வீட்டுக்கு வந்த பிறகு காதில் ரீங்காரம் கேட்டாலோ, பேச்சு பஞ்சுக்குள்ளிருந்து வருவது போல மங்கினாலோ, ஒலி வரம்பு மீறியது என்று பொருள். அன்றிரவு ஹெட்போன் போட்டு அதே பாடல்களை மறுபடி கேட்காமல் காதுக்கு ஓய்வு கொடுங்கள். பெரும்பாலும் மறுநாளுக்குள் சரியாகிவிடும். இரண்டு நாளைத் தாண்டியும் நீடித்தாலோ ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் சட்டென்று குறைந்திருந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டும்.